தெற்கு ஆஸ்திரேலியா: நேர்கோடுகளால் மட்டும் ஆன மாநிலமா?

இழையைத் தொடங்கியவர், 2025 மே 4

ஆஸ்திரேலிய மாநிலங்களில் காகிதத்தில் முழுமையாகத் திட்டமிடப்பட்டு, பிறகு நிலத்தில் இறக்கப்பட்டது தெற்கு ஆஸ்திரேலியா ஒன்றுதான். அங்கே கைதிகள் அனுப்பப்படவில்லை. நிலத்தை விற்ற பணத்தில் உழைப்பாளர்கள் கப்பலேற்றப்பட்டார்கள். தரைவழி எல்லைகள் எல்லாம் தீர்க்கரேகையும் அட்சரேகையும்தான். ஓர் ஆறோ மலையோ எல்லையாக இல்லை. லண்டன் மேசையில் பிறந்த இந்த மாநிலத்தின் வரலாற்றில் நிலத்தின் இயல்புக்குப் பெரிய பங்கு இல்லை என்பது என் வாதம். மறுப்பவர்கள் சான்றுடன் மறுக்கவும்.

மே 5

இழையைத் தொடங்கியவரின் பாதி வாதத்துக்கு உடன்படுகிறேன். 1834இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, மேற்கே 132 பாகை, கிழக்கே 141 பாகை, வடக்கே 26 பாகை என்று எல்லை குறித்தபோது, அந்த வடக்கு எல்லையைக் கண்ணால் பார்த்தவர் அந்த மன்றத்தில் ஒருவரும் இல்லை. எட்வர்ட் கிப்பன் வேக்ஃபீல்டின் கொள்கையும் காகிதத்தில்தான் பிறந்தது. நிலத்தை வாரி இறைக்காமல் போதிய விலைக்கு விற்க வேண்டும், அந்தப் பணத்தில் உழைப்பாளர் குடும்பங்களைக் கொண்டுவர வேண்டும், அவர்கள் சில ஆண்டுகள் கூலி வேலை செய்த பிறகே நிலம் வாங்க முடிகிற அளவுக்கு விலை இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். செல்வந்தர் வீட்டுப் பெண் ஒருத்தியைக் கடத்தி மணந்த குற்றத்துக்காக நியூகேட் சிறையில் இருந்தபோது அவர் இதை எழுதத் தொடங்கினார். கைதிகளே இல்லாத குடியேற்றத்தின் மூல வரைவு ஒரு கைதியின் அறையிலிருந்து வந்தது என்பதை இங்கே வரலாறு படிக்கும் பிள்ளைகள் மிகவும் ரசிப்பார்கள்.

ஆனால் அந்தத் திட்டம் ஐந்தாண்டுகூடத் தாங்கவில்லை. 1836 டிசம்பர் 28 அன்று ஆளுநர் ஹிண்ட்மார்ஷ் கிளெனெல்க் கடற்கரையில் குடியேற்றத்தைப் பிரகடனம் செய்தார். 1840-41க்குள் கருவூலம் காலி. அடுத்த ஆளுநர் காலர் திருப்பி அழைக்கப்பட்டார். அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் கிரே செலவை வெட்டித் தள்ளினார். 1842இல் தனிச் சட்டத் தகுதியும் போய், இது மற்றவற்றைப் போன்ற சாதாரண அரச குடியேற்றமாகிவிட்டது. அதே ஆண்டு கபுண்டாவிலும், 1845இல் பர்ராவிலும் கண்டெடுக்கப்பட்ட தாமிரமும், 1843இல் ஜான் ரிட்லி செய்துகாட்டிய கதிர் அறுக்கும் பொறியின் துணையோடு பெருகிய கோதுமையும்தான் பிழைக்க வழி செய்தன. தாமிரத்தை எந்தக் குழுவும் திட்டமிட்டு மண்ணுக்குள் வைக்கவில்லை.

மே 5, இரவு

மேலே சொல்ல வந்ததன் மையத்தை எழுதாமல் விட்டேன். இந்த மாநிலத்தில் சட்டப் புத்தகத்தில் உள்ள கோடுகள் நேரானவை. மக்கள் வாழ்க்கையைத் தீர்மானித்த கோடோ கோணலானது. எந்த நாடாளுமன்றமும் கற்பனை செய்யாதது. ஒருவர் குதிரை மீதிருந்து புதர்களைப் பார்த்து வரைந்தது. அதன் பெயர் கொய்டர் கோடு.

மே 9

கொய்டர் கோடு என்றால் என்ன என்று மூவர் கேட்டிருப்பதால் விரிவாக எழுதுகிறேன்.

ஜார்ஜ் வுட்ரோஃப் கொய்டர் 1861இல் தலைமை நில அளவையராகி, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் பதவியில் இருந்தவர். 1860களின் நடுவில் வடபகுதியில் கொடிய வறட்சி. அரசிடமிருந்து பெரும் பரப்புகளைக் குத்தகைக்கு எடுத்து ஆடு மேய்த்தவர்கள், மந்தைகள் மடிவதால் குத்தகைத் தொகையைக் குறைக்கும்படி கேட்டார்கள். எந்தப் பகுதி உண்மையில் பாதிக்கப்பட்டது, எது பாதிக்கப்படவில்லை என்று பிரித்துச் சொல்லும்படி 1865இல் அரசு கொய்டரை அனுப்பியது. அவர் குதிரையில் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர் சுற்றி, அந்த ஆண்டு டிசம்பரில் அறிக்கையும் வரைபடமும் கொடுத்தார்.

இங்கே ஒரு பரவலான தவறான எண்ணத்தை விலக்க வேண்டும். 'மழையளவைக் கணக்கிட்டுக் கோடு போட்டார்' என்று சுற்றுலாத் துண்டறிக்கைகளில்கூட வருகிறது. அன்று வடக்கே மழைமானிகள் விரல்விட்டு எண்ணும் அளவில்கூட இருந்திருக்காது. அவர் பார்த்தது செடிகளை. அடியிலிருந்தே பல தண்டுகளாகக் கிளைக்கும் மாலி என்னும் குட்டைத் தைலமரக் காடு எங்கே முடிகிறது, சால்ட்புஷ் எனப்படும் சாம்பல் நிற உப்புப் புதர் எங்கே தொடங்குகிறது என்று பார்த்துக்கொண்டே போனார். செடி ஒரு பருவத்தின் மழையைப் பார்த்து முளைத்து மறைவதில்லை. நூற்றாண்டுகளின் சராசரியை அது தன் இருப்பிலேயே காட்டுகிறது. பிற்காலத்தில் மழைப் பதிவுகள் சேர்ந்து வரைபடமானபோது, கோடு ஏறக்குறைய 300 மில்லிமீட்டர் ஆண்டு மழைக்கான கோட்டோடு பொருந்தி நின்றது.

கோட்டின் போக்கை ஒரு வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பின்தொடருங்கள். மேற்கே செடூனாவுக்கு அருகில் தொடங்கித் தென்கிழக்காக ஐர் தீபகற்பத்தைக் கடந்து ஆர்னோ பே அருகே ஸ்பென்சர் வளைகுடாவைத் தொடும். வளைகுடாவின் மறுகரையில் மூன்டா பக்கம் கரையேறி வடக்கே கிரிஸ்டல் புரூக், ஓரூரூ வரை போகும். அங்கிருந்து சட்டென்று திரும்பி பீட்டர்பரோ, பர்ரா வழியாகத் தென்கிழக்கே இறங்கி விக்டோரியா எல்லையில் பின்னாரூவுக்கு அருகே முடியும். ஓரூரூவில் கோடு கூம்பாக வடக்கே நீள்வதற்குக் காரணம் அங்குள்ள மலைகள். கடலிலிருந்து வரும் குளிர்கால மேகத்தை அவை நிறுத்தி மழையாக்குகின்றன. மலை முடிந்தவுடன் மழையும் முடிகிறது.

கோட்டுக்குத் தெற்கே உழவு, வடக்கே மேய்ச்சல். அவ்வளவுதான் அவர் சொன்னது.

மே 10

"1857இல் வடக்கே போய் நன்னீர் ஏரி இருக்கிறது என்று அறிக்கை கொடுத்த அதே கொய்டர்தானே இவர்?" என்று பெர்த்திலிருந்து எழுதும் நண்பர் கேட்கிறார். ஆம், அவரேதான். அப்போது அவர் துணை நில அளவையர். மழை பெய்து ஓய்ந்த நேரத்தில் டாரன்ஸ் ஏரிப் பகுதிக்குப் போனவருக்கு நிறைந்த நன்னீரும், பசுமையும், கானல் நீர் தூக்கிக் காட்டிய கரைகளும் தெரிந்தன; அதை அப்படியே எழுதினார். சில மாதங்களில் தலைமை அளவையர் ஃப்ரீலிங் படகோடு போனபோது சேறும் ஆழமற்ற தேக்கமும்தான் இருந்தன. பத்திரிகைகள் கொய்டரைக் கிழித்தன.

இதை நண்பர் கொய்டருக்கு எதிரான சான்றாக வைக்கிறார். நான் வேறு மாதிரிப் பார்க்கிறேன். ஒரு நல்ல பருவத்தை நம்பி எழுதினால் என்ன ஆகும் என்பதைத் தன் பெயரைப் பறிகொடுத்து அறிந்தவர், எட்டு ஆண்டுகள் கழித்துத் தண்ணீரைப் பார்க்காமல் செடியைப் பார்த்ததில் வியப்பில்லை.

மே 17

கொய்டர் வரைந்த கோட்டுக்குச் சட்டத்தால் என்ன நேர்ந்தது என்பதுதான் இந்த இழைக்கு முக்கியம்.

1872இல் நிலத்தைத் தவணைக் கடனுக்கு வாங்க வகை செய்த சட்டம், கோட்டுக்குத் தெற்கே உள்ள நிலத்துக்கு மட்டும் அந்த வாய்ப்பைக் கொடுத்தது. அதே சமயம் வானம் பொழியத் தொடங்கியது. அடுத்தடுத்து நல்ல ஆண்டுகள். கோட்டுக்கு வடக்கேயும் முழங்கால் உயரப் புல். 'அதிகாரி ஒருவர் போட்ட கோட்டுக்காக நல்ல மண்ணை விடுவதா?' என்ற குரல் உயர்ந்தது. 1874இல் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. ஏர் போகும் இடத்துக்கு மழை பின்தொடர்ந்து வரும் என்ற கோட்பாடு அமெரிக்காவைப் போலவே இங்கும் ஊறிப்போயிருந்தது. உழுத மண் ஈரத்தை விடும், அந்த ஈரம் மேகமாகும் என்று படித்தவர்களே வாதாடினார்கள்.

அப்படிக் கிளம்பியவர்கள்தான் வில்லோக்ரா சமவெளியை உழுதார்கள். ஹாமண்ட், புரூஸ், கேரியட்டன், கார்டன் என்று வரிசையாக ஊர்கள் அளந்து விற்கப்பட்டன. 1879இல் போர்ட் அகஸ்டாவிலிருந்து பிச்சி ரிச்சி கணவாய் வழியாக க்வோர்ன் வரை இரயில் வந்தது. 1882இல் ஃபரீனா வரை நீண்டது. கோதுமை மாவு வண்டி வண்டியாகப் போகும் என்று எதிர்பார்த்துத்தான் அந்த ஊருக்கு லத்தீன் மொழியில் மாவைக் குறிக்கும் பெயரை வைத்தார்கள். கோட்டிலிருந்து எவ்வளவு வடக்கே என்று வரைபடத்தில் பாருங்கள், வயிறு கலங்கும்.

1880இல் தொடங்கி மழை பொய்த்தது. இரண்டு மூன்று ஆண்டுகளில் விதைத்தது விதைக்குக்கூடத் திரும்பவில்லை. கடனில் வாங்கிய நிலத்தை அரசிடமே ஒப்படைத்துவிட்டுக் குடும்பங்கள் தெற்கே இறங்கின. கொய்டர் அப்போதும் அதே நாற்காலியில் இருந்தார்.

இங்கே ஒரு காலத்தில் பண்ணைக் கடன் விண்ணப்பங்களைப் பரிசீலிக்கும் வேலையில் இருந்தேன். வரவு செலவுக் கணக்குகளைத் திறப்பதற்கு முன்பே எங்கள் மேலாளர் கேட்கும் கேள்வி, 'கோட்டுக்கு உள்ளேயா, வெளியேயா?' என்பது. கணினியில் இருபது ஆண்டு மழைப் பதிவும் செயற்கைக்கோள் படமும் இருந்தன. ஆனாலும் அந்தக் கேள்விதான் முதலில் வந்தது. ஓரூரூ பக்கத்து விவசாயி ஒருவரைப் பார்க்கப் போயிருந்தபோது, அவர் தன் வீட்டு வாசலில் நின்று வடக்கே கைகாட்டி, 'அந்த வேலிக்கு அப்பால் என் தாத்தா விதைத்தார், என் அப்பா விதைக்கவில்லை, நான் நல்ல ஆண்டில் மட்டும் விதைக்கிறேன்' என்றார். கடன் கோப்பில் நான் எழுதிய நான்கு பக்கமும் அந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடில்லை.

மே 18

"அப்படியென்றால் வடக்கே போனவர்கள் எல்லாரும் முட்டாள்களா?" என்று கேட்டவருக்கு: இல்லை. 1870களின் நடுவில் நானும் அங்கே இருந்திருந்தால் நிலம் வாங்கியிருப்பேன் என்றே தோன்றுகிறது. கண்முன்னே புல் இருக்கிறது, அரசே கடன் தருகிறது, இரயில் வருகிறது, பக்கத்து ஆள் முதல் அறுவடையில் வீடு கட்டிவிட்டான். இவற்றுக்கு எதிராக நிற்பது பத்தாண்டுக்கு முந்தைய ஒரு வரைபடம் மட்டும். பழி, வாங்கியவர்கள் மீது அல்ல. கோட்டை அழித்த சட்டமன்றத்தின் மீது.

மே 18, மாலை

வறட்சியால் மட்டும் வடக்கு தோற்றது என்று எழுதிவிட்டுப் போனால் அந்த நிலத்தைப் பற்றிச் சொன்னதாகாது. கனியாக்கா மேய்ச்சல் பண்ணையை நிறுவிய ஹியூ ப்ரோபி 1852இல் இறந்தது தாகத்தால் அல்ல, வில்லோக்ரா ஓடையில் திடீரென்று வந்த வெள்ளத்தில். ஃபிளிண்டர்ஸ் மலைகளுக்குள் கிண்ணம் போன்ற வில்பீனா பவுண்டில் 1902 முதல் ஹில் குடும்பத்தார் கோதுமை பயிரிட்டார்கள். மலை வளையத்துக்குள் மழை கொஞ்சம் கூடுதல் என்பதால் ஓரளவு விளைந்தும் வந்தது. 1914இல் பெருமழை பெய்து, அவர்கள் பாடுபட்டு அமைத்த பாதையை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அத்துடன் விட்டுவிட்டார்கள். இந்த நிலத்தில் மழை குறைவு என்பதைவிட, மழை எப்போது வரும் என்று தெரியாது என்பதே பெரிய துன்பம்.

மே 20

"இரண்டாம் உலகப் போரில் மக்ஆர்தர் பேசிய டெரோவி இந்தப் பக்கத்து ஊர்தானா?" என்று கேட்டவருக்கு: ஆம், அதே டெரோவிதான். 1942 மார்ச் 20 அன்று பிலிப்பைன்ஸிலிருந்து தப்பி வந்த ஜெனரல் மக்ஆர்தர், 'நான் திரும்பி வருவேன்' என்று பத்திரிகையாளர்களிடம் சொன்ன இரயில் நிலையம். அகல இரயில் பாதையும் குறுகிய பாதையும் அங்கே சந்தித்ததால் வண்டி மாற வேண்டியிருந்தது. இல்லையென்றால் உலகப் போரின் புகழ்பெற்ற வாசகம் ஒன்று அந்தச் சிற்றூரில் ஒலித்திருக்காது. ஒரே மாநிலத்துக்குள்கூடத் தண்டவாள அகலம் ஒத்துப்போகாததன் பலன்.

மே 25

எல்லைகள் நேர்கோடு என்ற முதல் வாதத்துக்கு வருகிறேன். சட்டத்தில் நேர்கோடு, நிலத்தில் அப்படி இல்லை.

விக்டோரியாவுடனான எல்லை 141 பாகையில் இருந்திருக்க வேண்டும். 1839இல் டயர்ஸ் என்பவர் கிளெனெல்க் ஆற்று முகத்துவாரத்தின் தீர்க்கரேகையைக் கணித்தார். 1847இல் வேட் என்ற நில அளவையரும், அவருக்குப் பின் வைட் என்பவரும் அந்தக் கணிப்பிலிருந்து வடக்கு நோக்கி அளந்து, 1850இல் மர்ரே ஆற்றை எட்டினார்கள். கடிகாரத்தையும் நிலவையும் வைத்துத் தீர்க்கரேகை கணித்த காலம் அது. கோடு உண்மையான இடத்திலிருந்து சுமார் 3.6 கிலோமீட்டர் மேற்கே விழுந்தது. 1868இல் தந்தி வழியாக நேரத்தை ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் பிழை உறுதியானது. அதற்குள் விக்டோரியா அந்த நிலத்தை விற்றும் குத்தகைக்கு விட்டும் இருந்தது. தெற்கு ஆஸ்திரேலியா தனக்குச் சேர வேண்டிய 1,300 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நிலத்தைக் கேட்டு வழக்காடி, 1911இல் உயர் நீதிமன்றத்திலும் 1914இல் லண்டனில் மேல்முறையீடு கேட்ட பிரிவி கவுன்சிலிலும் தோற்றது. இரு தரப்பும் ஏற்று நட்ட கோடே எல்லை என்பது தீர்ப்பு. அதனால் இன்றும் மர்ரே ஆற்றுக்கு வடக்கே நியூ சவுத் வேல்ஸ் எல்லை ஓரிடத்திலும், தெற்கே விக்டோரியா எல்லை அதற்குச் சற்று மேற்கேயும் இருக்கின்றன. வரைபடத்தைப் பெரிதாக்கினால் அந்த முறிவு தெரியும்.

வடகிழக்கில் குயின்ஸ்லாந்தும் வட ஆட்புலமும் சந்திக்கும் முனையில் 1880இல் அகஸ்டஸ் பெப்பெல் ஓர் உப்பு ஏரிக்குள் கம்பம் நட்டார். பிறகு அவருடைய அளவைச் சங்கிலி ஓர் அங்குலம் நீண்டிருந்தது தெரிந்து, கம்பத்தைச் சுமார் 300 மீட்டர் கிழக்கே நகர்த்த வேண்டியதாயிற்று. ஓர் அங்குலம்!

எல்லைகள் நிலைத்தும் இருக்கவில்லை. 132க்கும் 129க்கும் இடையே கேட்பாரற்றுக் கிடந்த பட்டை 1861இல் சேர்க்கப்பட்டது. 1863 முதல் 1911 தொடக்கம் வரை வட ஆட்புலம் முழுவதும் அடிலெய்டின் ஆட்சியில் இருந்தது. 1869இல் டார்வின் நகரின் மனைகளை அளந்து கொடுத்தவர் வேறு யாருமில்லை, நம் கொய்டர்தான்.

மே 26

பினாங்கிலிருந்து எழுதிய வாசகர், "அடிலெய்டை அமைத்த கர்னல் லைட் எங்கள் ஊர்க்காரர், அவரை விட்டுவிட்டீர்களே" என்கிறார். நியாயம். வில்லியம் லைட் 1786இல் கெடாவில் பிறந்தவர். பினாங்கில் ஆங்கிலக் குடியிருப்பை நிறுவிய பிரான்சிஸ் லைட்டின் மகன். தாய் மார்ட்டினா ரோசெல்ஸ். கார்ன்வாலிஸ் கோட்டையில் நிற்கும் தந்தையின் சிலையே மகனின் முகச் சாயலை வைத்துச் செய்தது என்பார்கள்.

லைட்டும் என் கட்சிக்கே சாட்சி. தலைநகர் கடலோரத் துறைமுகத்தை ஒட்டி இருக்க வேண்டும் என்று ஆளுநர் ஹிண்ட்மார்ஷ் மல்லுக்கு நின்றார். லைட் கரையிலிருந்து உள்ளே தள்ளி, டாரன்ஸ் ஆற்றின் இருபுறமும் மேடான சமவெளியைத் தேர்ந்தார். பின்னால் லாஃப்டி மலைத்தொடர், அங்கே மழை, மழையால் ஓடைகள். நகரின் கட்டங்களும் அவற்றைச் சூழ்ந்த பூங்கா வளையமும் நேர்கோட்டு அழகு என்று புகழப்படுகின்றன, 2008இல் தேசியப் பாரம்பரியப் பட்டியலிலும் ஏறிவிட்டன. ஆனால் கட்டத்தை எங்கே வைப்பது என்று முடிவு செய்தது மலை. சண்டையில் சலித்துப் பதவி விலகிய லைட் 1839இல் காசநோயால் இறந்தார்.

ஜூன் 1

கைதிகள் இல்லாத மண் என்ற பெருமையைப் பற்றி இரண்டு சொல். இங்கே கைதிகளைக் கொண்டுவரவில்லை. ஆனால் இங்குள்ள நீதிமன்றங்களே பலரைக் குற்றவாளிகளாக்கித் தாஸ்மேனியாவுக்கு நாடு கடத்தின. பெருமை பேசுவோர் இதைச் சொல்வதில்லை.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. 1836இல் அரசர் வழங்கிய குடியேற்றப் பட்டயத்தில், பூர்வகுடிகள் தாங்கள் உண்மையில் குடியிருக்கும் நிலங்களை அனுபவிக்கும் உரிமை பாதிக்கப்படக் கூடாது என்று ஒரு பிரிவு இருந்தது. மற்ற குடியேற்றங்களில் இப்படி ஒரு வாசகம் இல்லை. அடிலெய்டு சமவெளியின் கௌர்ணா மக்களுக்கு அதனால் ஒரு சாண் நிலமும் மிஞ்சவில்லை. அளந்த மனைகள் விற்றுத் தீர்ந்தன. இருபது ஆண்டு கழித்து, 1858இல், ராபர்ட் டாரன்ஸ் கொண்டுவந்த சட்டத்தால் அரசுப் பதிவேட்டில் இருக்கும் பெயரே உரிமைக்கு முடிவான சான்று என்றாகி, பழைய பத்திரங்களைத் தேடி அலையும் தொல்லை ஒழிந்தது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நிலம் வைத்திருக்கும் வாசகர்கள் கையில் இருக்கும் பத்திர முறை இதன் வழி வந்ததே. எளிமையான, மிக நல்ல முறை. ஆனால் பதிவேட்டின் முதல் பக்கமே அரசு கொடுத்த மானியத்தில் தொடங்குவதால், அதற்கு முந்தைய எந்த உரிமையும் அந்தப் புத்தகத்துக்குள் நுழைய வாசல் இல்லை. தொடங்கியவர் சொன்ன 'காகிதத்தின் வலிமை'க்கு நான் ஒப்புக்கொள்ளும் உதாரணம் இது.

ஜூன் 2

பெண்களுக்கு 1894இலேயே வாக்குரிமையும் தேர்தலில் நிற்கும் உரிமையும் கொடுத்த மாநிலம் என்பதை ஏன் எழுதவில்லை என்று கேட்டவருக்கு: இழை நிலத்தைப் பற்றியது. உங்கள் குறிப்பு சரி. தனி இழை தொடங்கினால் வருகிறேன்.

ஜூன் 8

இன்று வானொலியில் முதல் செய்தி வறட்சி, இரண்டாம் செய்தி ஐர் ஏரி நிறைவது. தெற்கே விவசாயிகள் லாரியில் வைக்கோல் வாங்குகிறார்கள். வடக்கே கண்டத்தின் மிகத் தாழ்வான உப்புப் படுகைக்குள், கடல் மட்டத்துக்குச் சுமார் 15 மீட்டர் கீழே, தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது. அது இங்கே பெய்த மழை அல்ல. மார்ச் மாதக் கடைசியில் குயின்ஸ்லாந்தின் மேற்கில் கொட்டியது. வார்பர்ட்டன், கூப்பர் என்று கிளை பிரிந்து வாரக்கணக்கில் ஊர்ந்து வருகிறது. காட்டி தண்டா என்ற பூர்வகுடிப் பெயரையும் சேர்த்தே இப்போது ஏரியைக் குறிக்கிறார்கள். கண்டத்தின் ஆறில் ஒரு பங்கு நிலத்தின் வடிகால் அது. பதிவில் உள்ள மிகப் பெரிய நிறைவு 1974இல்.

மர்ரே ஆறும் அப்படியே. 1830இல் நாடாய்வுப் பயணி ஸ்டர்ட் படகில் அதன் வழியே இறங்கி வந்து கடலைக் கண்டதால்தான் இந்தக் கரையில் குடியேறலாம் என்ற எண்ணமே லண்டனில் வலுத்தது. ஆனால் ஆற்று நீர் பெரும்பாலும் கிழக்கு மாநிலங்களின் மலைகளில் பிறப்பது. கடைமடைக்கு வருவது, மேலே உள்ளவர்கள் எடுத்தது போக மீதி. நீர்ப் பங்கீட்டுக்கு 1914இல் ஒப்பந்தம். உப்புக் கடல் ஏறாமல் கூல்வா அருகே 1940இல் தடுப்பணைகள். 1944இல் மார்கனிலிருந்து வையல்லாவுக்கும் 1955இல் மன்னத்திலிருந்து அடிலெய்டுக்கும் குழாய்கள். 1990களின் பிற்பகுதியில் தொடங்கிப் பத்தாண்டுக்கு மேல் நீண்ட வறட்சியில் ஆற்று முகத்துவாரத்தைத் தூர்வாரும் கப்பல்கள்தான் திறந்து வைத்திருந்தன. அந்தப் பயத்தில் கட்டியதே கடல்நீரைக் குடிநீராக்கும் லான்ஸ்டேல் ஆலை. ஆண்டுக்கு 10,000 கோடி லிட்டர் தரும் திறன் உள்ளது. நல்ல மழை ஆண்டுகளில் 'வீண் செலவு' என்று அதைத் திட்டிய என் அண்டை வீட்டுக்காரர் இந்த ஆண்டு வாய் திறப்பதில்லை.

ஜூன் 15

கோட்டுக்கு வடக்கே உள்ள நிலத்தை நான் தோல்விக் கதையாகவே எழுதுகிறேன் என்ற குறை நியாயமானது. விவசாயக் கண்ணால் பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஊற்றுகளை வைத்துப் பார்த்தால் வேறு வரைபடம் கிடைக்கும்.

பூமிக்கடியில் அழுத்தத்தோடு நீரைத் தேக்கி வைத்திருக்கும் பெரும் ஆர்ட்டீசியன் படுகையின் விளிம்பு இந்த மாநிலத்தில் மேலே வருகிறது. அந்த விளிம்பு நெடுக மேடு மேடாக ஊற்றுகள். பூர்வகுடிகளின் வணிகப் பாதைகள் அவற்றைத் தொட்டே சென்றன. 1862 ஜூலையில் வடகடலை எட்டிய ஜான் மக்டூவல் ஸ்டூவர்ட் அந்த ஊற்றுகளைப் பிடித்துக்கொண்டே முன்னேறினார். அவர் தடத்தைப் பின்பற்றி, சார்ல்ஸ் டாட் தலைமையில் போர்ட் அகஸ்டாவிலிருந்து டார்வின் வரை சுமார் 3,200 கிலோமீட்டர் தந்திக் கம்பி இரண்டே ஆண்டில் போடப்பட்டு, 1872 ஆகஸ்ட் 22 அன்று இணைந்தது. டார்வினிலிருந்து கடற்கம்பி ஜாவாவுக்கும், அங்கிருந்து சிங்கப்பூர், பினாங்கு வழியாக மதராஸுக்கும், பிறகு பம்பாய் வழியாக லண்டனுக்கும் போனது. அடிலெய்டுக் கோதுமை வணிகரின் தந்தி மதராஸைத் தொட்டுத்தான் லண்டன் போய்ச் சேர்ந்தது. பின்னாளில் ஊட்னடாட்டா வரை போன இரயிலும் அதே ஊற்று வரிசையைத்தான் பிடித்தது. நீராவி இயந்திரத்துக்கும் தாகம் உண்டு. இரயில் எட்டாத இடங்களுக்கு, இன்றைய பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பகுதிகளிலிருந்து வந்த ஒட்டகக்காரர்கள் சரக்கு சுமந்தார்கள். மரீயில் அவர்கள் மண்ணால் கட்டிய பள்ளிவாசலின் மறுவடிவம் இன்றும் நிற்கிறது.

மேற்கே ஊல்டியா ஊற்றின் கதை வேறு. மணற்குன்றுகளுக்கு நடுவே வற்றாத நீர். பல குழுக்கள் கூடும் இடம். 1917 அக்டோபரில் கண்டம் தாண்டும் இரயில் பாதை அங்கேதான் இணைந்தது. இரயில்வே நீரை இறைத்து இறைத்து 1926க்குள் தீர்த்துவிட்டது. அங்கிருந்து மேற்கே 478 கிலோமீட்டருக்கு வளைவே இல்லாத தண்டவாளம். நேர்கோட்டு ரசிகர்களுக்கு இதைப் பரிசாகத் தருகிறேன்.

ஜூன் 16

ஊல்டியாவுக்கு வடக்கே என்ன நடந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். வரைபடத்தில் 'வெற்று' என்று தோன்றியதால் 1953இல் எமு ஃபீல்டில் இரண்டும், 1956-57இல் மரலிங்காவில் ஏழுமாக பிரிட்டன் அணுகுண்டுகளை வெடித்தது. 1963 வரை நடந்த சிறு சோதனைகள் புளுட்டோனியத்தை மண்ணில் கலந்தன. அந்த நிலத்தின் அனங்கு மக்கள் முன்னதாகவே தெற்கே யலாட்டாவுக்கு அகற்றப்பட்டிருந்தார்கள். எல்லாரும் அகலவில்லை என்பது பிறகு தெரிந்தது. 1984இல் நிலம் சட்டப்படி அவர்களிடம் திரும்பியது. அதே ஆண்டு விசாரணை ஆணையமும் அமைந்தது. துப்புரவு 2000 வரை நீண்டது. வெற்று நிலம் என்று யார் சொன்னாலும், யாரை அங்கிருந்து அனுப்பிவிட்டுச் சொல்கிறார்கள் என்று கேட்கும் பழக்கம் எனக்கு இதிலிருந்துதான் வந்தது.

ஜூன் 22

"கொய்டர் கோடு இன்றும் செல்லுமா?" என்ற கேள்விக்கு: புதிய விதைகள், உழாமல் விதைக்கும் முறை, உரம் ஆகியவற்றால் கோட்டின் விளிம்பில் அறுவடை கூடியிருக்கிறது. எதிர்ப்பக்கம் வெப்பநிலை ஏறுகிறது. கோடு தெற்கே நகரக்கூடும் என்று இங்குள்ள வேளாண் ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாக எச்சரிக்கிறார்கள். விளிம்பில் நிலம் வைத்திருப்பவர்கள் சிலருக்குக் காற்றாலை வாடகை கைகொடுக்கிறது. பர்ரா அருகே எழுந்திருக்கும் பெரிய காற்றாலைக்குக் கொய்டரின் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

இழையைத் தொடங்கியவர், "காகிதம் எல்லையை உருவாக்கியது, நிலம் மாநிலத்தை உருவாக்கியது என்று திருத்திக்கொள்ளலாமா?" என்று கேட்டிருக்கிறார். இரண்டாவது பாதி போதும். மாநிலத்தின் பரப்பு சுமார் 9,84,000 சதுர கிலோமீட்டர். மக்கள் தொகையில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் லைட் தேர்ந்த அந்த ஒரு சமவெளியில் இருக்கிறது. மீதிப் பேரிலும் பெரும்பாலானவர்கள் கோட்டுக்குத் தெற்கே.

ஜூன் 23

வழி கேட்டவருக்கு: அடிலெய்டிலிருந்து பர்ரா, டெரோவி, பீட்டர்பரோ, ஓரூரூ என்று போங்கள், சாலையோரத்தில் சில இடங்களில் கோட்டைக் குறிக்கும் பலகையோ கல்லோ இருக்கும். ஓரூரூவிலிருந்து கேரியட்டன், கிராடாக் வழியாக ஹாக்கர் போனால் இருபுறமும் கூரையில்லாத கல் வீடுகளைக் காணலாம். திரும்பும்போது கனியாக்கா இடிபாடுகளைப் பார்த்துவிட்டு க்வோர்னில் இறங்குங்கள். ஃபரீனா போகிறீர்கள் என்றால் குளிர்காலத்தில் சில வாரங்கள் மட்டும் தன்னார்வலர்கள் நிலத்தடிப் பழைய அடுப்பில் ரொட்டி சுடுவார்கள்; அந்தத் தேதியை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். மாவு மட்டும் தெற்கிலிருந்து வருகிறது.